கடை பூட்டுவதற்கு முன் கால் மணி நேரம்

எங்கள் பக்கத்தில் ஒரு வியாபாரியைப் புகழ வேண்டுமென்றால் ஒரே ஒரு வசனம்தான் சொல்வார்கள். "அவர் சுபஹ் தொழுதுவிட்டுக் கடையைத் திறந்தாரென்றால் இரவு ஒன்பது மணிக்குத்தான் பூட்டுவார்." உக்குவளையிலும் இதுதான் பேச்சு, மாத்தளையிலும் இதுதான், அக்குறணைக்குப் போனாலும் இதுதான். நேரத்தோடு எழும்புவதும், கடையை விட்டு அசையாமல் இருப்பதும் நல்ல பழக்கங்கள். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பதினைந்து மணித்தியாலம் கடையில் இருந்த அந்த மனிதர், அந்தப் பதினைந்து மணித்தியாலத்தில் என்ன செய்தார் என்று நாம் ஒருபோதும் கேட்பதில்லை.

கடையில் இருப்பது வேறு, வேலை செய்வது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டதுதான் நம் சிறு வியாபாரிகளில் பலர் இருபது வருடம் பாடுபட்டும் இருந்த இடத்திலேயே இருப்பதற்கு ஒரு முக்கிய காரணம் என்பது என் அபிப்பிராயம்.

ஒரு நாளைப் பிரித்துப் பாருங்கள். காலையில் கொழும்பு லொறி வந்து நிற்கிறது. போன முறை வந்த சாமானின் பில்லைக் காணவில்லை. அதைத் தேட இருபது நிமிடம். சாரதி ஹோர்ன் அடிக்கிறார். கத்தரிக்கோல் எங்கே, கல்குலேட்டர் எங்கே, பேனை எங்கே என்று ஒரு சுற்று. வாடிக்கையாளர் ஒருவர் பழைய கடனில் பாதியைத் தந்துவிட்டுப் போகிறார். கை வேலையாக இருந்ததால் பிறகு எழுதலாம் என்று விட்டோம், அது மறந்து போகிறது. மத்தியானம் வங்கியிலிருந்து அழைப்பு. இன்று திகதியிட்டுக் கொடுத்த காசோலை வந்திருக்கிறது, கணக்கில் காசு போதாது. அங்கே இங்கே கைமாற்று வாங்கி ஓட வேண்டும். பின்னேரம் ஒருவர் வந்து சாமான் கேட்கிறார். இறாக்கையின் பின்பக்கத்தில் இருக்கும் சாமானை முடிந்துவிட்டது என்று சொல்லி அனுப்புகிறோம். இரவு வீட்டுக்குப் போகும்போது கால் கடுக்கிறது, தலை வலிக்கிறது. "இன்றைக்கு நல்ல வேலை" என்று சொல்லிப் படுக்கிறோம்.

இதில் வியாபாரம் எவ்வளவு, தேடுதல் எவ்வளவு? ஒரு நாளைக்கு 40 நிமிடம் மட்டும் தேடுவதில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்தில் 300 நாள் கடை திறந்தால் 200 மணித்தியாலம். பத்து மணித்தியால வேலை நாளாகப் பார்த்தால் முழுதாக இருபது நாள். வருடத்தில் இருபது நாள் நாம் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு பேனையும் பில்லும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

எல்லாம் தலைக்குள் இருக்கிறதா?

நம்மில் மூத்தவர்களுக்கு ஒரு பெருமை உண்டு. கொப்பி எல்லாம் தேவையில்லை, கணக்கு முழுக்கத் தலைக்குள் இருக்கிறது என்பார்கள். உண்மைதான். யார் எவ்வளவு தர வேண்டும், எந்தச் சாமான் எந்த விலைக்கு வந்தது என்று பத்து வருடக் கணக்கை ஒப்புவிக்கக்கூடிய ஹாஜியார்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் தலைக்குள் இருக்கும் கணக்கு அந்தத் தலையோடு போய்விடும். ஜனாஸாத் தொழுகைக்கு முன் மகன் எழுந்து நின்று, "வாப்பா யாருக்காவது கடன் தர வேண்டியிருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் பொறுப்பு" என்று சொல்வது நம் வழக்கம். நல்ல வழக்கம். கொடுக்க வேண்டியவை இரண்டு நாளில் வீடு தேடி வந்துவிடும். வர வேண்டியவை? அவற்றை யார் வந்து சொல்வார்? எழுத்தில் இல்லாத கடனைப் பிள்ளைகள் யாரிடம் போய்க் கேட்பார்கள்? நன்றாக நடந்த கடைகள் தகப்பன் கண் மூடிய ஒரு வருடத்துக்குள் மூடப்பட்டதை நீங்களும் பார்த்திருப்பீர்கள், நானும் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளுக்குத் திறமை இல்லை என்று ஊர் சொல்லும். திறமை இல்லாமல் அல்ல, அவர்கள் கையில் ஒரு கொப்பி கூட இல்லாமல்தான் போனது.

மவுத்து வரைக்கும் போக வேண்டாம். உம்ராவுக்கு இரண்டு வாரம் போக வேண்டும் என்றாலும், ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் படுக்க வேண்டும் என்றாலும் கடையைப் பூட்ட வேண்டியிருக்கிறதே, ஏன்? சாமான் எங்கே இருக்கிறது, என்ன விலை, யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்பது முதலாளி ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருப்பதால்தான்.

ஓர் ஆஸ்பத்திரி காட்டிய வழி

ஒழுங்கு என்பது பெரிய கம்பனிகளுக்கும் படித்தவர்களுக்கும் உரியது என்று நினைப்பவர்கள் நம் நாட்டிலேயே நடந்த ஒரு காரியத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலையை நம் எல்லோருக்கும் தெரியும். அரசாங்க ஆஸ்பத்திரி. கூட்டம் அதிகம், காசு குறைவு. டொக்டர் விமல் கரந்தகொட அங்கே பணிப்பாளராக இருந்தபோது, 2000ஆம் ஆண்டில், ஜப்பானியத் தொழிற்சாலைகளில் இருந்து வந்த 'ஐந்து எஸ்' என்ற முறையை அங்கே ஆரம்பித்தார். கோடிக் கணக்கில் செலவழித்துப் புதுக் கட்டடம் கட்டி ஆரம்பித்த வேலை அல்ல அது. தேவையில்லாததை அகற்றுவதிலிருந்தும், தேவையானதற்கு ஓர் இடம் ஒதுக்குவதிலிருந்தும் ஆரம்பித்த வேலை.

ஜப்பான் மொழியில் செய்ரி, செய்டோன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே என்று ஐந்து சொற்கள். நம் பாஷையில் சொல்வதென்றால், தேவையானதையும் தேவையற்றதையும் பிரி. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் வை. சுத்தமாக வை. எல்லோரும் ஒரே மாதிரிச் செய்யும்படி ஒரு முறை வை. யாரும் சொல்லாமலே செய்யும் பழக்கமாக்கு. இவ்வளவுதான். இதில் ஒரு பாடசாலைப் பிள்ளைக்கு விளங்காத எதுவும் இல்லை. கஷ்டமெல்லாம் ஐந்தாவதில்தான் இருக்கிறது.

அந்த ஆஸ்பத்திரியின் மாற்றம் எந்த அளவுக்குப் பேசப்பட்டது என்றால், ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் 2007இல் இருந்து ஆபிரிக்க நாடுகளின் சுகாதார அதிகாரிகளை இலங்கைக்கு அழைத்து வந்து அதைக் காட்டியது. ஜப்பானில் பிறந்த ஒரு முறையைக் கற்றுக்கொள்ள ஆபிரிக்காவில் இருந்து வந்தவர்கள் பொரளைக்கு வந்தார்கள். நாமோ, வாரம் ஒரு தடவை புறக்கோட்டைக்குச் சாமான் எடுக்கப் போகிறோம். பொரளையில் என்ன நடந்தது என்று எட்டிப் பார்த்ததில்லை. நம் அரசாங்கம் 1997 தொடக்கம் 2006 வரையிலான காலத்தை உற்பத்தித்திறன் தசாப்தம் என்று பிரகடனப்படுத்தியது. அந்தத் தசாப்தம் நம் கடை வாசலைத் தாண்டி உள்ளே வரவேயில்லை.

நோயாளிகள் நிரம்பி வழியும் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் முடியுமென்றால் பத்துக்குப் பதினைந்து அடிக் கடையில் ஏன் முடியாது?

அந்தக் கால் மணி நேரம்

நான் சொல்ல வருவது ஒரே ஒரு பழக்கம். கடை பூட்டுவதற்கு முன் கால் மணி நேரம். கதவைப் பாதி சாத்திவிட்டு, புது வாடிக்கையாளரை எடுக்காமல், டெலிபோனை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஐந்து வேலைகள் செய்ய வேண்டும்.

முதலாவது, அன்று எடுத்த எல்லாம் அதனதன் இடத்துக்குப் போக வேண்டும். தராசு, கத்தரிக்கோல், பில் புத்தகம், சாவிக்கொத்து. நாளைக் காலையில் கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டினாலும் எடுக்கும்படி இருக்க வேண்டும்.

இரண்டாவது, லாச்சியில் உள்ள காசை எண்ணி எழுத வேண்டும். காலையில் எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு, நடுவில் வீட்டுச் செலவுக்கு எவ்வளவு எடுத்தோம். வீட்டுக்கு எடுப்பதை எழுதாமல் விடுவதுதான் நம் கடைகளில் ஆகப் பெரிய ஓட்டை. மீன்காரனுக்கு 500, பிள்ளையின் ரியூஷனுக்கு 2,000, கலியாண வீட்டுக்கு 5,000 என்று லாச்சியில் இருந்து போகிறது. மாதக் கடைசியில் வியாபாரம் மந்தம் என்கிறோம். வியாபாரம் மந்தமில்லை, லாச்சிக்குக் காவல் இல்லை.

மூன்றாவது, அன்று கொடுத்த கடனையும், வந்த கடனையும், நாம் வாங்கிய கடனையும் பெயர், தொகை, திகதியோடு எழுத வேண்டும். துண்டுக் கடதாசியில் அல்ல, சிகரட் பெட்டி மட்டையில் அல்ல, கொப்பியில்.

நான்காவது, முடிந்த சாமானையும் முடியப் போகும் சாமானையும் குறிக்க வேண்டும்.

ஐந்தாவது, நாளைக்குக் கட்டாயம் முடிக்க வேண்டிய மூன்று வேலைகளை எழுத வேண்டும். பத்து எழுத வேண்டாம். பத்து எழுதினால் ஒன்றும் நடக்காது. காசோலைக்குக் காசு போடுவது, இன்னாரிடம் பாக்கி கேட்பது, தராசுக்கு முத்திரை குத்தக் கொண்டு போவது. மூன்று போதும். காலையில் கடை திறந்ததும் முதலில் அந்தக் கொப்பியைப் பார்க்க வேண்டும்.

இதற்கு அதிகம் போனால் பதினைந்து நிமிடம். முதல் வாரம் அரை மணி நேரம் எடுக்கும். ஏனென்றால் முதல் வாரத்தில் எதற்கும் இடம் இருக்காது.

எழுதாத இலாபம்

எழுதுவதால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு என் தொழிலில் இருந்தே ஒரு கணக்குச் சொல்கிறேன். மாத்தளை மாவட்டத்தில் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்பவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்.

தோட்டத்துக்காரர் 100 கிலோ மிளகு கொண்டு வருகிறார். கிலோ 1,500 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 150,000 ரூபா கொடுத்து வாங்குகிறோம். கிலோவுக்கு 40 ரூபா வைத்து 1,540க்கு விற்கிறோம். இலாபம் 4,000 ரூபா என்று மனக்கணக்குச் சொல்கிறது. ஆனால் வாங்கும்போது மிளகில் ஈரம் 15 வீதம். பெரிய வியாபாரி 12 வீதத்தில் கேட்கிறார். இரண்டு நாள் முற்றத்தில் காயப் போட்டு எடுத்தால் 100 கிலோ ஏறத்தாழ 96.6 கிலோ ஆகிவிடும். அதை 1,540 ரூபாவால் பெருக்கிப் பாருங்கள். 148,764 ரூபா. 4,000 இலாபம் என்று நினைத்த இடத்தில் 1,236 ரூபா நட்டம். காயப் போட்ட கூலியும் லொறிக் கூலியும் இன்னும் சேரவில்லை.

வாங்கிய நிறையையும் விற்ற நிறையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுபவருக்கு இது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். அடுத்த முறை ஈரம் பார்த்து விலை பேசுவார். எழுதாதவர் பருவம் முழுக்க ஓடியாடி உழைத்து, கடைசியில் காசு எங்கே போனது என்று யோசித்துக்கொண்டிருப்பார். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்பார். கண் வைத்தது யாருமில்லை, காய்ந்து போனது மிளகு.

பலசரக்குக் கடையில் இதுவே எலி கடித்த மூடை, திகதி முடிந்த பிஸ்கட், சிந்திய எண்ணெய். புடவைக் கடையில் மடிப்பு வெளுத்த துணி. பேக்கரியில் திரும்பி வந்த பாண். ஒவ்வொரு தொழிலிலும் காய்ந்து போகும் மிளகு ஒன்று இருக்கிறது.

பரக்கத் போய்விடுமா?

சில சகோதரர்கள், கணக்குப் பார்த்தால் பரக்கத் போய்விடும் என்று சொல்வார்கள். வீட்டில் உள்ள உணவை எண்ணி எண்ணிப் பார்க்காமல் அல்லாஹ் தந்ததில் திருப்தி கொள்வது வேறு விடயம். கொடுக்கல் வாங்கலில் கணக்கு இல்லாமல் இருப்பது வேறு விடயம். குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று கேட்டால் நம்மில் பலருக்குத் தெரியாது. சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம், கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியது. கடன் சிறிதோ பெரிதோ, அதை எழுதுவதில் சலிப்படைய வேண்டாம் என்ற கருத்தும் அதிலேயே வருகிறது. கைக்குக் கை முடியும் ரொக்க வியாபாரத்தை எழுதாமல் விடுவதில் குற்றமில்லை என்று விலக்கும் அங்கேயே சொல்லப்பட்டிருக்கிறது. கடனுக்கு அந்த விலக்கு இல்லை. இதை விரிவாக விளக்குவது ஆலிம்களின் வேலை. பரக்கத்தைக் காரணம் காட்டிக் கொப்பியை மூடி வைப்பதற்கு நமக்கு இடமில்லை என்று சொல்வதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

"மச்சானிடம் எப்படிக் கையெழுத்துக் கேட்பது, மனம் நோகுமே?" என்று கேட்கிறார்கள். எழுதாத கடனால் நொந்த மனங்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். இரண்டு வருடத்துக்குப் பின் ஒருவர் மூன்று இலட்சம் என்பார், மற்றவர் இரண்டரை என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை, இருவருக்கும் ஞாபகம் வேறு. அதற்குப் பிறகு பெருநாளைக்குக்கூட ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக மாட்டார்கள். அன்றைக்கே எழுதி இருவரும் ஒப்பமிட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை.

இன்னொன்றையும் யோசியுங்கள். வியாபாரச் சரக்குக்கும் ஸகாத் உண்டு. இரண்டரை வீதம் என்று எல்லோருக்கும் தெரியும். எதன் இரண்டரை வீதம்? கடையில் உள்ள சரக்கின் பெறுமதி, கையிருப்புக் காசு, வரக்கூடிய கடன், கொடுக்க வேண்டிய கடன் எல்லாம் தெரிந்தால்தானே அந்த இரண்டரை வீதம் வரும்? ரமழான் வந்ததும் ஒரு தொகையை உத்தேசமாக ஒதுக்கி, கேட்டு வருபவர்களுக்குக் கொடுத்துவிட்டு மனதைத் திருப்திப்படுத்திக்கொள்கிறோம். அது கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம். குறைந்திருந்தால் ஏழையின் பங்கு நம் இறாக்கையில் இருக்கிறது என்று அர்த்தம். உத்தேசத்துக்குத் தொழ மாட்டோம், ஸகாத்தை மட்டும் உத்தேசத்துக்குக் கொடுக்கிறோம்.

வந்த அடிகள் சொல்லும் பாடம்

கடந்த சில வருடங்களில் நம் வியாபாரிகள் பட்ட அடிகள் கொஞ்சமல்ல. 2018 மார்ச்சில் திகன பக்கம் கடைகள் எரிந்தன. 2019 ஏப்ரலுக்குப் பின் நம் கடைகளுக்கு வழக்கமாக வந்த பலர் வரவில்லை. 2020இல் கொரோனா. 2022இல் பொருளாதாரம் விழுந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 வீதம் அளவுக்கு ஏறியது. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல். மலைநாடு முழுக்க அழுதது, நம் மாத்தளை மாவட்டமும் அடி வாங்கியது.

இவற்றில் எதையும் ஒரு கொப்பியால் தடுத்திருக்க முடியாது. ஆனால் அடி விழுந்த பிறகு எழும்புவதில் வித்தியாசம் இருந்தது. 2022இல் 1,000 ரூபாவுக்கு வாங்கி வைத்த சாமானை 1,100க்கு விற்று, 100 ரூபா இலாபம் என்று சந்தோஷப்பட்டவர், திரும்ப எடுக்கப் போனபோது அதன் விலை 1,500. ஒவ்வொரு தடவையும் இறாக்கையில் சாமான் குறைந்துகொண்டே போனது. எந்தச் சாமான் என்ன விலைக்கு வந்தது, திரும்ப எடுக்க என்ன விலை என்று வாராவாரம் எழுதிப் பார்த்தவர் சமாளித்தார். கடன் கொப்பி இருந்தவர் பாக்கியைக் கேட்டு வாங்கினார். இல்லாதவர் கேட்க முடியாமல் நின்றார்.

வங்கிக்குப் போனாலும் இதே கதை. கடன் கேட்டால் கணக்கு எங்கே என்கிறார்கள். வரி விடயத்திலும் நிலைமை மாறிவிட்டது. 2024 ஜனவரி 1 முதல் வற் வரி 18 வீதமானது. வற்றுக்குப் பதிவு செய்ய வேண்டிய எல்லையும் அப்போது வருடத்துக்கு 8 கோடி ரூபா விற்பனையிலிருந்து 6 கோடியாக இறக்கப்பட்டது. விலைகள் ஏற ஏற, சாமான் கூடாமலே விற்பனைத் தொகை கூடுகிறது. இன்று எல்லைக்குள் இருக்கிறோமா, வெளியே இருக்கிறோமா என்பதே எழுதாதவருக்குத் தெரியாது.

எரிந்த கடைகளையும் நனைந்த கடைகளையும் பார்த்தவர்களுக்கு ஒரு சின்ன யோசனை. அன்றன்று எழுதிய பக்கத்தை டெலிபோனில் ஒரு படம் எடுத்து மகனுக்கோ மகளுக்கோ அனுப்பிவிடுங்கள். கொப்பி போனாலும் கணக்குப் போகாது. நாள் முழுக்க வாட்ஸ்அப்பில் வரும் வீடியோக்களைப் பார்க்கும் அதே கருவியால் இந்த ஓர் உருப்படியான வேலையும் ஆகட்டும்.

21 நாள் கதையும் 66 நாள் உண்மையும்

இப்போதெல்லாம் ஹோட்டல்களில் முன்னேற்றப் பயிற்சி வகுப்பு என்று நடத்துகிறார்கள். ஆயிரக் கணக்கில் கட்டணம், நல்ல சாப்பாடு, கைதட்டல். அங்கே தவறாமல் சொல்லப்படும் ஒரு விடயம், 21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்பது. இந்த 21 நாள் எங்கிருந்து வந்தது தெரியுமா? மெக்ஸ்வெல் மோல்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் 1960இல் எழுதிய புத்தகத்தில் இருந்து. சிகிச்சைக்குப் பின் தங்கள் புது முகத்துக்குப் பழகுவதற்கு நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது செல்வதாக அவர் கவனித்திருந்தார். அதில் 'குறைந்தது' என்ற சொல் பிறகு வந்தவர்களிடம் காணாமல் போய்விட்டது.

லண்டன் யுனிவர்சிட்டி கொலிஜில் பிலிப்பா லாலி என்பவரும் மற்றவர்களும் 96 பேரை வைத்து 12 வாரம் செய்த ஆய்வு 2009இல் வெளியானது. சாப்பாட்டோடு ஒரு பழம் உண்பது, காலைச் சாப்பாட்டுக்குப் பின் நடப்பது போன்ற சின்னச் சின்ன வேலைகள்தான். அவை தானாக நடக்கும் பழக்கமாவதற்கு நடுத்தரமாக 66 நாள் எடுத்தது. ஆளுக்கு ஆள் 18 நாளில் இருந்து 254 நாள் வரைக்கும் வேறுபட்டது. அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த இன்னொரு விடயமும் உண்டு. இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுவிடவில்லை. அடுத்த நாள் தொடர்ந்தால் போதும்.

இது நமக்கு இரண்டு விதத்தில் உதவும். மூன்று வாரத்தில் வரவில்லையே என்று விட்டுவிட வேண்டாம், இரண்டு மாதத்துக்கு மேல் போகட்டும். ஒரு நாள் கலியாண வீட்டுக்குப் போய்க் கொப்பி எழுதவில்லையென்றால், எல்லாம் போயிற்று என்று மூடி வைக்கவும் வேண்டாம்.

அந்த ஆய்வில் ஒவ்வொருவரும் தங்கள் புது வேலையை ஏற்கெனவே தினமும் செய்யும் ஒன்றோடு கட்டினார்கள். சாப்பாட்டோடு, காலைச் சாப்பாட்டுக்குப் பின் என்று. மற்றவர்கள் இப்படி ஒரு முளையைத் தேடி அலைய வேண்டும். நமக்கு நாளொன்றுக்கு ஐந்து முளைகள் அடித்தே தரப்பட்டிருக்கின்றன. சுபஹுக்குப் பின் நேற்று எழுதிய மூன்று வேலைகளைப் பார்ப்பது. லுஹருக்குப் போகுமுன் வங்கி வேலையை முடிப்பது. அஸருக்குப் பின் பாக்கி கேட்டு அழைப்பது. கடை பூட்டும் கால் மணி நேரத்தை இஷாவோடு கட்டுவது. இஷாவுக்கு முன் பூட்டுபவர் பாங்கு சொல்லக் கால் மணி நேரம் இருக்கும்போது ஆரம்பிக்கலாம். தொழுதுவிட்டு வந்து பூட்டுபவர் வந்ததும் ஆரம்பிக்கலாம். மிச்ச நேரத்தில் ஒரு பக்கம் வாசிக்கலாம். வாடிக்கையாளர் பேசும் பாஷையை இன்னும் கொஞ்சம் நன்றாகக் கற்றுக்கொள்ளலாம். மகளிடம் கணினியில் கணக்குப் போடக் கேட்டுப் பழகலாம். வெட்கப்பட வேண்டியதில்லை. ஐம்பது வயதில் பேரீச்சங்கன்று நட்டவர்களும் இருக்கிறார்கள்.

சிறிதானாலும் விடாமல் செய்யும் அமலின் சிறப்பை நாம் எத்தனை பயான்களில் கேட்டிருக்கிறோம். அதைத் தொழுகை விரிப்பில் மட்டும் வைத்துவிட்டு, கடைக்கு வந்ததும் ஒரேயடியாகப் பெரிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று காத்திருக்கிறோம். உக்குவளைக்காரர்களுக்கு இதை விளக்க நான் தூரம் போக வேண்டியதில்லை. பொல்கொல்லவில் மகாவலியை மறித்துக் கட்டியது சாதாரண அணைக்கட்டு, பெரிய நீர்த்தேக்கம் அல்ல. அங்கிருந்து சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கத்தால் வரும் தண்ணீர்தான் 1976இல் இருந்து நம் ஊர் மின்நிலையத்தை ஓட்டுகிறது. சுதுகங்கையில் விழுந்து வடக்கே வயல்களுக்கும் போகிறது. வேலை நடப்பது தேங்கிக் கிடக்கும் தண்ணீரால் அல்ல, நிற்காமல் வரும் தண்ணீரால்.

ஆகவே வியாபாரச் சகோதரர்களே, புதிய வருடத்துக்கும் ரமழானுக்கும் காத்திருக்க வேண்டாம். 200 பக்கக் கொப்பி ஒன்று உங்கள் கடை இறாக்கையிலேயே இருக்கும். இன்று இரவு அதை எடுத்து முதல் பக்கத்தில் திகதியைப் போடுங்கள். லாச்சியில் உள்ளதை எண்ணி எழுதுங்கள். யார் யார் தர வேண்டும், நாம் யாருக்குத் தர வேண்டும் என்று ஞாபகம் உள்ளவரை எழுதுங்கள். நாளைக்கு மூன்று வேலை எழுதுங்கள். பிறகு கொப்பியை எங்கே வைப்பீர்கள் என்பதை வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுக் கடையைப் பூட்டுங்கள்.